எள்ளு எவ்வளவு வரும்? செடியைப் பார்த்துச் சொல்லும் கணக்கு

பெரியப்பாவுக்கு விருத்தாசலம் பக்கத்தில் ஒரு ஏக்கர் எள்ளு. மாசிப் பட்டத்தில் விதைத்தது. சித்திரை பாதியில் நான் ஊருக்குப் போனபோது செடி என் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. பச்சைப் பசேலென்று, காற்றுக்கு ஆடிக்கொண்டு, உச்சியில் இன்னும் பூவோடு. எனக்குப் புள்ளியியல்தான் பிழைப்பு. எதைப் பார்த்தாலும் ஒரு எண் சொல்லாமல் இருக்க முடியாது. "முந்நூறு கிலோவுக்குக் குறையாது பெரியப்பா" என்றேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. ஒரு செடியைப் பிடித்து, மண்ணிலிருந்து சாண் போட்டு அளந்தார். ஒன்று, இரண்டு, இரண்டரை. அங்கேதான் முதல் காய் இருந்தது. "இதுவரைக்கும் குச்சிப்பா. குச்சி அடுப்புக்குத்தான் ஆவும்" என்றார். அந்த வருஷம் கிடைத்தது 160 கிலோ.

அறுவடைக்கு முன்பே செடியின் வளர்ச்சியைப் பார்த்து எள் விளைச்சலைச் சொல்லிவிட முடியுமா என்பது பயிர் ஆராய்ச்சியில் பழைய கேள்வி. செடியின் உயரம், கிளை, காய், காய்க்குள் இருக்கும் விதை, விதையின் எடை என்று ஒவ்வொன்றையும் அளந்து, எது விளைச்சலோடு கூடவே நடக்கிறது என்று பார்க்கும் ஆய்வுகள் இந்தியா, ஈரான், எத்தியோப்பியா என்று எள் விளையும் நாடுகளிலெல்லாம் நடந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் முதலிடத்தில் வந்து நிற்பது ஒரு செடிக்கு எத்தனை காய் என்பதுதான். முடிவு இவ்வளவு எளிது. ஆனால் அது ஏன் அப்படி, அதை நம்பி எதுவரை போகலாம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரியப்பா வயலில் நான் சறுக்கியதும் அங்கேதான்.

முதலில் ஒரு ஏட்டுக் கணக்கு. எள் விளைச்சல் என்பது நான்கு எண்களின் பெருக்கல்: ஒரு சதுர மீட்டரில் எத்தனை செடி, செடிக்கு எத்தனை காய், காய்க்கு எத்தனை விதை, ஒரு விதை என்ன எடை. செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் விட்டால் சதுர மீட்டருக்கு 11 செடி நிற்கும். செடிக்கு 50 காய் என்று வைத்துக்கொள்வோம். காய்க்கு 60 விதை, ஆயிரம் விதை 3 கிராம். பெருக்கிப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 550 காய், 33,000 விதை, 99 கிராம். ஏக்கருக்கு 400 கிலோ.

இதில் எந்த எண்ணும் அபூர்வமான எண் இல்லை. நல்ல வயலில் நாலும் சாதாரணமாகப் பார்க்கக்கூடியவைதான். ஆனால் நாலும் ஒரே வயலில், ஒரே வருஷத்தில் சேர்ந்து வருவதுதான் அபூர்வம். நாட்டின் சராசரி எள் விளைச்சல் பல வருஷமாக ஹெக்டேருக்கு அரை டன்னை ஒட்டித்தான் நிற்கிறது. அதாவது ஏக்கருக்கு 200 கிலோ, ஏட்டுக் கணக்கில் பாதி.

சரி, இந்த நான்கில் எதைப் பார்த்தால் விளைச்சல் தெரியும்? ஒவ்வொன்றும் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். ஆயிரம் விதை எடை இரகத்துக்கு இரகம் மாறும். ஆனாலும் இரண்டரை கிராமுக்கும் மூன்றரை கிராமுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் சுற்றும். ஒரே இரகத்துக்குள் அதைவிடக் குறுகிய எல்லைதான். காய்க்குள் இருக்கும் விதையும் ஓரளவு கட்டுக்குள் நிற்கும். காயைக் குறுக்கே வெட்டினால் நான்கு அறை தெரியும். சில இரகங்களில் ஆறு அறை, எட்டு அறைகூட உண்டு. அறைகளின் எண்ணிக்கை பரம்பரைச் சங்கதி. காய் திரண்டதா சொத்தையா என்பதில் விதை எண்ணிக்கை ஏறி இறங்குமே ஒழிய, மூன்று மடங்கு நாலு மடங்கு என்று துள்ளாது.

காய் எண்ணிக்கை அப்படியில்லை. அடுத்த வருஷம் அதே வயலில் நான் உட்கார்ந்து எண்ணிய 25 செடிகளில் குறைந்தது 6 காய், அதிகம் 112. ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு, ஒரே தண்ணீர். நாலு எண்களைப் பெருக்கும்போது மூன்று ஏறக்குறைய நிலையாக நின்று ஒன்று மட்டும் ஆறிலிருந்து நூற்றுப்பன்னிரண்டு வரை ஆடினால், பெருக்கல் விடையும் அந்த ஒன்றோடு சேர்ந்துதான் ஆடும். காய் எண்ணிக்கைக்கும் விளைச்சலுக்கும் ஒட்டுறவு (ஒன்று ஏறினால் மற்றதும் சேர்ந்து ஏறுவது) அதிகம் என்று ஆய்வுகள் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். விதை எடை முக்கியமில்லை என்று அர்த்தமில்லை. அது அதிகம் மாறுவதில்லை, அதனால் வித்தியாசத்தை விளக்க அதற்கு வாய்ப்பு கிடைப்பதில்லை. இந்த வேறுபாட்டைப் பிடிக்காமல், 'காய்தான் எல்லாம், எடை ஒன்றுமில்லை' என்று எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

உயரத்தின் கதை இன்னும் சுவாரசியம். எள்ளுச் செடி கீழிருந்து மேலாகப் பூக்கிற செடி. விதைத்து முப்பத்தைந்து நாற்பது நாளில் இலைக்கணுவில் பூ பிடிக்கத் தொடங்கும். அதன்பிறகு தண்டு வளர வளர, அடுத்தடுத்த கணுவில் பூத்துக்கொண்டே போகும். ஈரமும் சத்தும் இருக்கும்வரை நிற்காது. கீழே காய் முற்றி மஞ்சளாகும்போது உச்சியில் புதுப் பூ இருக்கும். சில இரகங்களில் கணுவுக்கு ஒரு காய், சிலவற்றில் மூன்று. ஆக, உயரமான செடிக்குக் கணு அதிகம், கணு அதிகமானால் காய் அதிகம் என்று தோன்றுகிறது. பல ஆய்வுகளில் உயரமும் விளைச்சலும் சேர்ந்தே ஏறுவதும் உண்மை.

ஆனால் உயரம் இரண்டு துண்டு. மண்ணிலிருந்து முதல் காய் வரை ஒரு துண்டு. முதல் காயிலிருந்து உச்சி வரை ஒரு துண்டு. இரண்டாவதுதான் காய்க்கிற பகுதி. முதலாவது, பெரியப்பா சொன்ன குச்சி. நூற்றிருபது சென்டிமீட்டர் செடியில் ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் குச்சி என்றால் காய்க்க மிஞ்சுவது பாதிக்குச் சற்று அதிகம். அதிலும் உச்சியில் இருக்கும் காய்கள் அறுவடைக்குள் திரளாது. தொண்ணூறு சென்டிமீட்டர் குட்டைச் செடி, ஒரு சாண் உயரத்திலேயே காய்க்கத் தொடங்கியிருந்தால், நெஞ்சு உயரச் செடியை ஜெயித்துவிடும். உயரத்தை மட்டும் டேப் வைத்து அளந்து கணினியில் போட்டால் இந்த இரண்டு செடிக்கும் தலைகீழாகப் பதில் வரும்.

கிளையும் இதே மாதிரிதான். கிளை கூடினால் காய் பிடிக்க இடம் கூடும், அது நியாயம். ஆனால் எள்ளில் பூவிலை நோய் என்று ஒன்று இருக்கிறது. தத்துப்பூச்சி பரப்புவது. நோய் வந்த செடியில் பூ இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் சின்னச் சின்னப் பச்சை இலையாக முளைத்து, செடி துடைப்பம்போலப் புதர் கட்டிவிடும். கிளையை எண்ணினால் வயலிலேயே அதுதான் முதல் பரிசு வாங்கும். காய் மட்டும் இருக்காது. வரப்பில் நின்று பார்த்தால் அந்த இடம்தான் கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரியும். முதல் வருஷம் நான் 'செழிப்பு' என்று நினைத்துப் போட்டோ எடுத்த மூலை அதுதான். பெரியப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

இப்படி ஒரு குணம் நேராக விளைச்சலைத் தூக்குகிறதா, இன்னொன்றின் தோளில் ஏறிக்கொண்டு தூக்குகிறதா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பாதைப் பகுப்பாய்வு என்று பெயர். அமெரிக்க வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த மரபியலாளர் சீவல் ரைட் 1921-இல் இதை விரிவாக எழுதினார். 1959-இல் டூயி, லூ என்ற இருவர் ஒரு வகைத் தீவனப் புல்லின் விதை விளைச்சலுக்கு இதைப் போட்டுக் காட்டினார்கள். அதிலிருந்து உலகத்தில் எந்தப் பயிரும் இதற்குத் தப்பவில்லை. வேளாண் கல்லூரி ஆய்வேடுகளைப் புரட்டினால் எள்ளுக்கு மட்டுமே கட்டுக்கட்டாகக் கிடைக்கும்.

யோசனை எளிமையானது. உயரத்துக்கும் விளைச்சலுக்கும் உள்ள ஒட்டுறவை எடுத்துக்கொள்கிறோம். அதில் ஒரு பங்கு உயரத்தின் சொந்தச் சரக்கு. இன்னொரு பங்கு, உயரமான செடியில் காய் அதிகம் என்பதால் காயின் வழியாக வந்தது. இரண்டையும் தனித்தனியே கணக்கிடுகிறோம். எள்ளில் இதைச் செய்யும்போது அடிக்கடி நடப்பது என்னவென்றால், உயரத்தின் மொத்த ஒட்டுறவு நன்றாக இருக்கும். காயின் பங்கைக் கழித்தபிறகு சொந்தச் சரக்கு கொஞ்சமாகவோ, சில சமயம் கழித்தல் குறியோடோ நிற்கும். அதாவது ஒரே அளவு காய் உள்ள இரண்டு செடிகளில், உயரமானது எந்த விதத்திலும் மேல் இல்லை. பெரியப்பாவின் சாண் கணக்கும் இதுவும் ஒன்றுதான்.

ஆய்வுக்கு ஆய்வு பட்டியல் மாறுவதைக் கண்டும் குழம்ப வேண்டியதில்லை. ஒருவர் கிளை முக்கியம் என்பார், இன்னொருவர் கிளையால் பயனில்லை என்பார். முதலாமவர் கிளை விடும் இரகமும் கிளையே விடாத இரகமும் கலந்து போட்டிருப்பார். இரண்டாமவர் எடுத்த இரகங்கள் எல்லாம் ஒரே மாதிரிக் கிளைத்திருக்கும். மாறாத ஒன்று எதையும் விளக்க முடியாது. திண்டிவனத்தில் வந்த டி.எம்.வி. இரகங்கள், விருத்தாசலத்தின் வி.ஆர்.ஐ. இரகங்கள், ஸ்ரீவில்லிபுத்தூரின் வெள்ளை எள் எஸ்.வி.பி.ஆர். 1 என்று பலவற்றை வரிசையாக நட்டு ஒப்பிடுவது ஒரு கேள்வி. ஒரே இரகத்தை விதைத்த ஒரு விவசாயியின் வயலில் எது அதிகம் காய்த்தது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த சமன்பாட்டை இரண்டாவதற்கு எடுத்துக்கொண்டு போவது, பக்கத்து வீட்டுச் சாவியால் நம் வீட்டுப் பூட்டைத் திறக்கப் பார்ப்பது.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. ஆய்வுகளில் பெரும்பாலும் 'செடிக்கு' என்றுதான் அளக்கிறார்கள். விவசாயிக்கு வேண்டியது 'ஏக்கருக்கு'.

எள்ளு விதை எவ்வளவு சின்னது என்று யோசியுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஹெக்டேருக்கு 5 கிலோ விதை போதும். ஏக்கருக்கு இரண்டு கிலோ. அதையும் மணலோடு கலந்துதான் தூவ வேண்டும், இல்லையென்றால் கை நிதானம் தப்பிவிடும். இந்த 5 கிலோவைக் கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு அரை கிராம், அதாவது 160 விதைக்கு மேல். நிற்க வேண்டியது 11 செடி. மீதியில் ஒரு பகுதி முளைக்காது, ஒரு பகுதியை எறும்பு தின்னும். அப்படியும் முளைத்து நெருக்கிக்கொண்டு நிற்பதை, விதைத்த பதினைந்தாம் நாள் 15 சென்டிமீட்டர் விட்டும், முப்பதாம் நாள் 30 சென்டிமீட்டர் விட்டும் பிடுங்கிக் கலைக்க வேண்டும். எள்ளுக்கு ஏழு உழவு என்று பழமொழி இருக்கிறது. அதோடு இரண்டு கலைப்பு என்றும் சேர்த்திருக்கலாம்.

முதல் வருஷம் பெரியப்பாவுக்குக் கலைக்க ஆள் கிடைக்கவில்லை. நெருக்கமாக நின்ற செடிகள் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு மேலே மேலே போயின. கிளை விடவில்லை, கீழ்க்கணுவில் பூ பிடிக்கவில்லை. நான் பார்த்து மயங்கிய நெஞ்சு உயரம் செழிப்பின் அடையாளமே இல்லை, நெரிசலின் அடையாளம்.

இந்த நெரிசல் கணக்கை ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் பார்க்கலாம். சதுர மீட்டருக்கு 8 செடி, செடிக்கு 60 காய்: மொத்தம் 480. 20 செடி, செடிக்கு 25 காய்: மொத்தம் 500. 40 செடி, செடிக்கு 8 காய்: மொத்தம் 320. செடிக்கணக்கில் முதல் வயல்தான் ராஜா. இரண்டாவது அதில் பாதிகூட இல்லை. நிலக்கணக்கில் இரண்டாவதுதான் ஒரு படி மேலே. எள்ளுச் செடி இடம் கிடைத்தால் பரந்து காய்க்கும், கிடைக்காவிட்டால் சுருங்கிக்கொள்ளும். ஓர் எண் கூடும்போது இன்னோர் எண் தானாகக் குறைந்து ஈடுகட்டும். செடிக்காயை மட்டும் பார்த்து 'அதிகக் காய், அதிக விளைச்சல்' என்று கோடு போட்டால், செடி செத்துப்போன இடங்களுக்குப் பக்கத்தில் தனியாகப் பெருத்து நிற்கும் செடியெல்லாம் நல்ல விளைச்சலுக்குச் சாட்சி சொல்ல வந்துவிடும். உண்மையில் அது பக்கத்தில் இருந்த மூன்று செடி போனதற்குச் சாட்சி.

அதே காரணத்தால்தான் எந்தச் செடியை எண்ணுவது என்பது முக்கியமாகிறது. வயலுக்குள் இறங்கியதும் கை தானாக நல்ல செடியைத்தான் பிடிக்கும். ஒரு பகுதியை மட்டும் அளந்து முழுதையும் கணிக்கும் மாதிரிக் கணக்கெடுப்பு இந்தியாவில் சூடு பிடித்த 1940-களில் இது ஒரு பெரிய சர்ச்சையாகவே நடந்தது. வங்காளத்தில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் சின்னச் சின்ன வட்டங்களாக வெட்டி எடைபோட்டு விளைச்சலைக் கணித்தார். இன்னொரு புள்ளியியலாளர் சுகாத்மே, இடம் சின்னதாக இருந்தால் விளைச்சல் உண்மையைவிடக் கூடுதலாக வருகிறது என்று காட்டி, 1946-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். காரணம் எல்லைக்கோடு. கோட்டின்மேல் நிற்கும் செடி உள்ளேயா வெளியேயா என்ற சந்தேகம் வந்தால், ஆட்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இடம் சின்னதாக ஆக, மொத்தத்தில் எல்லைச் செடிகளின் பங்கு கூடும், பிழையும் கூடும். இன்று நாம் நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனைகளில் பெரும்பாலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று கயிறு கட்டுவதற்குப் பின்னால் இந்த வாதங்கள் எல்லாம் இருக்கின்றன.

இரண்டாம் வருஷம் நான் ஒரு சதுர மீட்டருக்குத்தான் கயிறு கட்டினேன். தனி ஆளுக்கு அவ்வளவுதான் முடியும். ஆனால் இடத்தை நான் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. வரப்பிலிருந்து இத்தனை தப்படி உள்ளே, இத்தனை தப்படி பக்கவாட்டில் என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு போனேன். ஐந்து இடம். ஒவ்வொன்றிலும் செடியை எண்ணி, கயிற்றின் ஒரு மூலைக்கு நெருக்கமான ஐந்து செடிகளில் காயை எண்ணினேன். கோட்டின்மேல் நின்ற செடிகளில் இரண்டு பக்கத்தில் நிற்பவை உள்ளே, இரண்டு பக்கத்தில் நிற்பவை வெளியே என்று முன்பே முடிவு. காயை விரலால் அமுக்கிப் பார்த்துத் திரண்டதை மட்டும் சேர்த்தேன். அப்புறம் அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று என்று காயைப் பறித்து, பெரியப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் நகத்தால் பிளந்து விதை எண்ணினேன். அடிக்காயில் 66, நடுவில் 61, உச்சியில் 38. உச்சிக் காயின் விதை வெளிறிப்போய், நகம் பட்டாலே நசுங்கியது. ஒரு மணி நேரத்துக்குமேல் குனிந்து எண்ணியதில் கழுத்து பிடித்துக்கொண்டது வேறு.

இந்த இடத்தில் கணினி மாதிரிகளைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் இப்போது எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். 2015-இல் ஈரானிய ஆய்வாளர்கள் சிலர் எள் விளைச்சலைக் கணிக்க, தரவிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் கணினி மாதிரியான நியூரல் நெட்வொர்க்கைப் பயன்படுத்தினார்கள். பூக்கும் காலம், செடி உயரம், செடிக்கான காய், காய்க்கான விதை, ஆயிரம் விதை எடை ஆகியவற்றை உள்ளே கொடுத்தார்கள். வழக்கமான தொடர்புப் போக்குச் (ரெக்ரஷன்) சமன்பாட்டைவிட நியூரல் நெட்வொர்க் நன்றாகக் கணித்தது என்பது அவர்கள் முடிவு. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தொடர்புப் போக்கு இந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு கொடுத்துக் கூட்டிப் பார்க்கிறது. விளைச்சலோ அவற்றின் பெருக்கல். பெருக்கலைக் கூட்டலால் பிடிக்கப் போனால் கொஞ்சம் நழுவத்தான் செய்யும். வளைந்து கொடுக்கக்கூடிய மாதிரி முந்துவது இயல்பு. எல்லா எண்களுக்கும் மடக்கை எடுத்துவிட்டு (மடக்கை பெருக்கலைக் கூட்டலாக மாற்றிவிடும்), பழைய சமன்பாட்டையே போட்டாலும் இடைவெளி பெரும்பாலும் சுருங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. காய், விதை, எடை மூன்றையும் உள்ளே கொடுத்துவிட்டு விளைச்சலைக் கேட்பது, இட்லியின் எண்ணிக்கையையும் ஒரு இட்லியின் எடையையும் சொல்லிவிட்டு மொத்த எடையைக் கேட்பது மாதிரி. சரியாக வராவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும். ஆயிரம் விதை எடை கையில் கிடைக்கும்போது எள் களத்துக்கு வந்துவிட்டது; நேராகத் தராசில் வைத்துவிடலாமே. இரகம் உருவாக்குகிறவருக்கு எந்தக் குணத்தைப் பிடித்துத் தேர்வு செய்வது என்று தெரிய இது உதவும், மறுக்கவில்லை. முன்கூட்டிச் சொல்வது என்ற அர்த்தத்தில் அது கணிப்பு அல்ல.

உண்மையான கணிப்பு முப்பதாம் நாளில், நாற்பதாம் நாளில் சொல்வது. அப்போது கையில் இருப்பது செடியின் எண்ணிக்கை, உயரம், இலைப்பரப்பு, எந்தக் கணுவில் முதல் பூ என்பது, அவ்வளவுதான். அதிலும் முதல் பூ எவ்வளவு கீழே வந்தது என்பது நல்ல செய்தி. ஆனால் எள் கடைசிவரை கதவைத் திறந்தே வைத்திருக்கும் பயிர். பூத்துக்கொண்டே இருப்பதால், ஐம்பதாம் நாளில் வரும் ஒரு நனைப்பு பத்துக் காயைக் கூட்டிவிடும். அனல் காற்று பூவை உதிர்த்துவிடும். தண்ணீர் நிற்பதை மட்டும் எள் தாங்கவே தாங்காது. டெல்டாவில் நெல் தரிசில் போட்ட எள், கோடை மழையில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினால் வாடிச் சாய்ந்துவிடும். அதற்கு முந்தின வாரம் எண்ணிய காய்க்கணக்குக்கு எந்த மதிப்பும் இருக்காது. இஸ்ரேலில் அம்ராம் அஷ்ரி என்ற ஆய்வாளர் கதிர்வீச்சின் மூலம், குறிப்பிட்ட அளவோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் எள்ளுச் செடியை உருவாக்கினார். அப்படிப்பட்ட செடியில் முன்கணிப்பு எளிதாகும், ஏனென்றால் அது தன் கணக்கைச் சீக்கிரமே மூடிவிடுகிறது. நம் வயல்களில் நிற்பது அந்த வகை அல்ல.

வானிலிருந்து படம் எடுத்துக் கணிக்கலாம் என்பார்கள். படத்தில் தெரிவது இலையின் பச்சை. பச்சை அதிகமாகத் தெரியும் இடம் நெரிசலாலும் இருக்கலாம், பூவிலை நோயாலும் இருக்கலாம் என்று மேலேயே பார்த்தோம். காய் முற்றும்போது எள் இலையை உதிர்த்துவிடும். அப்போது படத்தில் தெரிவது மண்.

மாதிரி எதுவானாலும் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த வயலில் கற்றுக்கொண்டாய், எந்த வயலில் சோதித்தாய்? ஒரே வருஷம், ஒரே நிலத்தில் எடுத்த நூறு பாத்திகளில் எண்பதைக் கற்கக் கொடுத்து, மீதி இருபதில் சோதித்தால் மதிப்பெண் பிரமாதமாக வரும். இருபதும் அந்த எண்பதின் அக்கம் பக்கத்து வீடுகள். ஒரே மழை, ஒரே பூச்சி. இந்த வருஷம் கற்றதை அடுத்த வருஷத்தில், இந்த ஊரில் கற்றதை அடுத்த ஊரில் சோதித்துச் சொன்னால்தான் அந்த எண்ணை நம்பலாம். நம்முடைய பட்டங்களே ஒன்றுபோல் இல்லை. எள் பகல்பொழுதின் நீளத்துக்கு ஏற்பப் பூக்கும் பயிர். ஆடியில் விதைத்ததும் மாசியில் விதைத்ததும் ஒரே நாளில் ஒரே கணுவில் பூப்பதில்லை.

என் இரண்டாம் வருஷக் கணக்குக்கு வருகிறேன். அந்த முறை கலைப்பு ஒழுங்காக நடந்திருந்தது. சதுர மீட்டருக்குச் சராசரி 9 செடி, செடிக்குத் திரண்ட காய் 38, காய்க்கு 55 விதை, ஆயிரம் விதை 2.9 கிராம். நகைக்கடைத் தராசில் போட்டது, அதனால் எடையில் சந்தேகமில்லை. பெருக்கினால் ஏக்கருக்கு 220 கிலோ. நாலு எண்ணிலும் தனித்தனியே பத்துப் பத்து சதவீதம் பிழை இருக்கலாம் என்று வைத்தால், பெருக்கலில் மொத்தப் பிழை இருபது சதவீதத்துக்குப் போகும். ஆகவே 176-லிருந்து 264 வரை என்று துண்டுச் சீட்டில் எழுதிப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். "இதுக்கா கழுத்த ஒடிச்சுக்கிட்ட?" என்றார். போன வருஷம் ஒரே எண்ணாக 300 என்று சொன்னபோது மதித்ததைவிட இந்தச் சீட்டை அவர் குறைவாகத்தான் மதித்தார்.

அறுவடை வழக்கம்போல் நடந்தது. அடி இலைகள் கால்வாசி உதிர்ந்து, தண்டு மஞ்சள் தட்டி, கீழ்க்காய் எலுமிச்சை நிறத்துக்கு வந்ததும் செடியைப் பிடுங்கினார்கள். தண்டு வெளியே, தலை உள்ளே இருக்கும்படி வட்டமாகப் போர் போட்டு, மேலே வைக்கோல் மூடி, மூன்று நாள் புழுங்கவிட்டு எடுத்து உதறினார்கள். முதல் உதறலில் முக்கால்வாசி கொட்டியது. இன்னொரு நாள் காயவைத்து மறுபடி உதறினார்கள். தூற்றி அளந்தபோது 178 கிலோ. என் சீட்டின் கீழ் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றது.

நான் எண்ணாத ஐந்தாவது எண் ஒன்று இருப்பது அப்போதுதான் உறைத்தது. எள்ளுக்காய் முற்றினால் நுனியில் தானாக வெடித்துத் திறந்துகொள்ளும். ஒரு நாள் தாமதம், ஒரு காற்று, பிடுங்கும்போது ஒரு குலுக்கல், எல்லாவற்றிலும் கொஞ்சம் மண்ணுக்குப் போகும். 1943-இல் வெனிசுவேலாவில் லாங்கம் என்ற ஆய்வாளர் வெடிக்காத காய் உள்ள செடியைக் கண்டுபிடித்தார். இயந்திர அறுவடைக்கு ஏற்ற எள்ளுக்கான நீண்ட தேடல் அதிலிருந்து சூடு பிடித்தது. கையால் பிடுங்குகிற நமக்கு வெடிக்கிற காய்தான் உதறச் சுலபம். அதற்கான கூலியை எள்ளாகவே நிலத்துக்குக் கொடுக்கிறோம்.

வைகாசியில் ஒரு மழை பெய்த பிறகு பெரியப்பா போனில் கூப்பிட்டார். "உன் எள்ளு கெடச்சிடுச்சுப்பா, வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தால் வயல் முழுக்க இரண்டு இலைக் கன்றுகள், போர் போட்டிருந்த இடத்தில் ஜமுக்காளம் விரித்ததுபோல. சீட்டில் சொன்ன 220-க்கும் அளந்த 178-க்கும் நடுவே காணாமல்போன 42 கிலோ முழுதும் சிந்தியதாக இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 3,600 விதை. பழைய கயிற்றை எடுத்து ஓர் இடத்தில் கட்டி எண்ண உட்கார்ந்தேன். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் வரை எண்ணியபோது, ஏர் பூட்டிய டிராக்டர் வரப்பேறி வந்துவிட்டது.